ஒன்பதாயிரம் பூட்டுகள்

இடம் இல்லை என்கிறது. உங்கள் சாதனத்தில் போதிய சேமிப்பிடம் இல்லை, சில கோப்புகளை நீக்கிவிட்டு மீண்டும் முயலவும் என்று எங்கள் தாலுகா ஆபீஸ் பாஷையில் எனக்கே பதில் சொல்கிறது. மூன்றாவது முறையாக அந்த வட்டத்தைத் தொடுகிறேன். வட்டத்துக்குள் கீழ்நோக்கி ஓர் அம்பு, பக்கத்தில் அறுபத்து நான்கு எம்.பி. என்று ஓர் எண், அதற்குப் பின்னால் மங்கலாக, ஆவி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி, என் மகள். மகள்தானா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மஞ்சள், நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு. ஆறு நிமிஷம் பன்னிரண்டு விநாடி ஓடுகிற வீடியோ. அதற்குக் கீழே எழுத்தில், "அப்பா, இதத் தனியா இருக்கும்போது பாருங்க. போனை ஆஃப் பண்ணி வைக்கிறேன். கூப்பிட வேண்டாம்." அவ்வளவுதான். காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு வந்திருக்கிறது, இப்போது எட்டு பதினெட்டு. ஒட்டன்சத்திரத்தில் பழனி பஸ் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் திறந்தபோதுதான் பார்த்தேன். உடனே கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றாள் ஒரு பெண், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். இரண்டு பாஷையிலும் அதே நிதானம். முப்பத்தாறு நிமிஷம் ஆகிவிட்டது. முப்பத்தாறு நிமிஷத்தில் என்னென்ன நடக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்தப் பாடத்தில் நான் மாவட்டத்திலேயே முதல் மாணவன். ஒரு வார்த்தை மட்டும் மனசின் ஓரத்தில் வந்து நிற்கிறது. அதை நினைக்கக் கூடாது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் வருகிற வார்த்தை. தனியா பாருங்க என்று ஏன் எழுதினாள். நல்ல சேதியை யாராவது தனியாகப் பார்க்கச் சொல்வார்களா. நிவேதிதா இருப்பது திருச்சியில், நான் இருப்பது பழனி போகிற பஸ்ஸில், அதாவது ஒவ்வொரு சக்கரச் சுற்றுக்கும் அவளிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் எங்கே இருந்தேன் என்று தெரியும். அடுப்படியில் குனிந்துகொண்டிருந்தேன். சிலிண்டர் ரெகுலேட்டரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் எடுப்பேன். சிலிண்டர் ஒன்று, அடுப்புக் குமிழ் இரண்டும் சேர்ந்து ஒன்று, மோட்டார் சுவிட்ச் ஒன்று, வெளிக்கதவுப் பூட்டு இழுத்துப் பார்த்தபின் ஒன்று, சந்தேகத்துக்கு இன்னொன்று. பஸ்ஸில் உட்கார்ந்ததும், அடைத்தேனா, பூட்டினேனா என்று ஒரு சந்தேகம் பிடித்துக்கொள்ளும். அப்போது படத்தை எடுத்துப் பார்ப்பேன், பிடி விடும். மற்றவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதில்லையா, அதுபோல என்று விசாலாட்சியிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவி அதற்கு, சாமியைக் கும்பிட்டவங்க திரும்ப வந்து சாமி இருக்கான்னு பாக்க மாட்டாங்க என்றாள். அடுப்புக்குக் கல்யாண ஆல்பம் போடறீங்களா என்றும் கேட்டிருக்கிறாள். இன்று காலை கேமராவும் இதையேதான் சொன்னது, இடம் இல்லை, படத்தைச் சேமிக்க முடியவில்லை என்று. வாட்ஸப்பில் வந்திருந்த காலை வணக்கம் இரண்டை அழித்துவிட்டு ரெகுலேட்டரை எடுத்தேன். அப்போதுதான் மேலிருந்து ஒரு பட்டை இறங்கி வந்து ரெகுலேட்டரை மறைத்தது. நிவி என்று இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது. படத்துக்குக் குறுக்கே வந்ததால் விரலால் தள்ளிவிட்டேன். என் மகளை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டு சிலிண்டரைப் பார்த்தேன்.

நேற்று சாயங்காலம் பேசியதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரெண்டு நாளா பூட்டுப் போட்டோ வரலயே நிவி, என்றேன். அவளும் அனுப்புவாள். நான்தான் பழக்கினேன். காலையில் ஹாஸ்டல் அறைப் பூட்டு, ஏறுகிற பஸ்ஸின் நம்பர், காலேஜ் வாசல், சாயங்காலம் திரும்பியதும் உள்தாழ்ப்பாள். நான்கு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. "இனிமே அனுப்ப மாட்டேன்ப்பா. என்னால முடியல" என்றாள். நான் என்ன கேட்டிருக்க வேண்டும். ஏம்மா, என்ன ஆச்சு என்று கேட்டிருக்க வேண்டும். உலகத்தில் எந்த அப்பனும் அதைத்தான் கேட்பான். "ஒரு போட்டோ எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெத்தவனோட நிம்மதிக்கு ஒரு நிமிஷம் ஒதுக்க முடியாதா உனக்கு?" என்று கேட்டேன் நான். மூக்கை உறிஞ்சினாளா, இல்லை லைனில் வந்த இரைச்சலா. "வெச்சிடறேன்ப்பா" என்றாள். வைத்துவிட்டாள். நானும் கோபத்தோடு சாப்பிட்டேன், கோபத்தோடு தூங்கினேன். விசாலாட்சிக்குச் சொல்லலாமா. அவள் உடுமலையில் அக்காவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி உதவிக்குப் போயிருக்கிறாள், கையில் பட்டன் போன், உடம்பில் பிரஷர். சொன்னால் முதல் கேள்வி, நேத்து அவகிட்ட என்ன பேசினீங்க என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஹாஸ்டல் வார்டனைக் கூப்பிட வேண்டும். நம்பர் இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது. சேர்த்துவிட்ட அன்று வாசலில் மாட்டியிருந்த போர்டைப் படம் எடுத்தேன், நம்பரைத் தனியாகப் பதிந்து வைக்கவில்லை. படம் எடுத்தாலே காரியம் முடிந்தது என்று நினைக்கிறவன் நான். படத்தொகுப்பைத் திறக்கிறேன். ஒன்பதாயிரத்து நானூற்றுச் சொச்சம். பூட்டு, பூட்டு, குமிழ், ரெகுலேட்டர், பூட்டு. விரலால் தள்ளத் தள்ள வருஷங்கள் ஓடுகின்றன, பூட்டு மாறவில்லை. நடுவில் ஒருமுறை புதுப் பூட்டு வாங்கினோம், அந்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளக்கிறது. போர்டைக் காணோம். சரி, தேட நேரமில்லை, முதலில் இடம் வேண்டும், அழி. ஒரு படத்தைத் தொட்டேன். அழிக்கலாமா என்று கேட்கிறது. போன மாசம் பதினேழாம் தேதிப் பூட்டு. போன மாசம் பதினேழாம் தேதி வீடு பத்திரமாக இருந்தது என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி. இதை அழித்தால் அந்த நாளில் ஏதாவது நடந்துவிடுமா. கேனத்தனமான எண்ணம் என்று எனக்கே தெரிகிறது, ஆனாலும் விரல் நிற்கிறது. மகளுக்கு என்ன ஆனதோ என்று தெரியாத நேரத்தில் உட்கார்ந்து பழைய பூட்டுக்காக யோசிக்கிறேன். என்னை எதில் சேர்ப்பது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். நாற்பது படம் போயிற்று. வீடியோவுக்குப் போய் வட்டத்தைத் தொட்டேன். இடம் இல்லை. இன்னும் அறுபது. இடம் இல்லை. நூறு படம் அழித்தும் ஒரு துளி இடம் கூடவில்லையே, அப்படியானால் அழிந்தவை எங்கே போயின, அல்லது நான் அழிப்பதாக நினைத்துக்கொண்டு வேறு எதையோ செய்கிறேனா. வேர்த்துக் கண்ணாடி மூக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.

விருப்பாச்சியில் நைனா முகமது ஏறினான். எங்கள் ஆபீஸில் சர்வேயர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து யாரையாவது கிண்டல் செய்துகொண்டு வருகிறவன். உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தான். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான். நிவியின் பெயர் தெரியாதபடி போனை அவசரமாகத் திருப்பிக்கொண்டேன். "போன்ல இடமில்லங்கறான் நைனா. நூறு போட்டோ அழிச்சுட்டேன், அப்பவும் இல்லங்கறான்." அவன் சிரித்தான். "அழிச்சா அழிஞ்சிருமாண்ணே? குப்பைத்தொட்டில போய் உக்காந்துக்கும், முப்பது நாளைக்கு. நீங்க மனசு மாறிக் கேட்டா திருப்பிக் குடுக்கணும்ல. அதையும் தொறந்து காலி பண்ணணும்." வாங்கிச் செய்துதரக் கையை நீட்டினான். நான் கொடுக்காமல் படத்தொகுப்பைத் திறந்தேன். எட்டிப் பார்த்தவன், "என்னண்ணே இது, பூட்டுக் கடை வெச்சிருக்கீங்களா?" என்றான். மற்ற நாளாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இன்று பூட்டுகளைத் தள்ளிக்கொண்டே போனேன். அவன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு கேலியை விட்டுவிட்டு மெதுவாக, "வீட்ல எல்லாரும் சொகந்தானண்ணே?" என்றான். தெரியலப்பா என்று சொல்ல வந்தேன். சுகம்தான் என்றேன்.

குப்பைத்தொட்டியைத் திறந்தால் நூறு பூட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நிரந்தரமாக நீக்கவா, இதைத் திரும்பப் பெற இயலாது என்கிறது. இந்த வாசகம் எனக்குப் புதிதா. ஆபீஸில் நான் பதிவறை எழுத்தர், இருபத்தாறு வருஷமாக. ஒரு வருஷம் வைக்க வேண்டிய கட்டு, மூன்று வருஷக் கட்டு, பத்து வருஷக் கட்டு, என்றைக்கும் அழிக்கக் கூடாத கட்டு என்று பிரித்து அடுக்குவதுதான் வேலை. கெடு முடிந்ததை அழிப்புப் பட்டியலில் எழுதி, மேலே கையெழுத்து வாங்கி, கிழித்துக் கூழுக்கு அனுப்புவோம். ஊரார் காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை நடுங்கியதே இல்லை. ஒரு நாள் காலைப் பூட்டுக்கு ஆயுள் எவ்வளவு. சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைத் திறந்தால் முடிந்துபோகிற விஷயம். அதைப் போய் என்றைக்கும் அழிக்கக் கூடாத கட்டில் சேர்த்து வைத்திருக்கிறேன். நீக்கு என்று தொட்டேன். போயிற்று. உயிரும் போகவில்லை, வீடும் எரியவில்லை, பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வட்டத்தைத் தொட்டேன், அம்பு சுற்றத் தொடங்கியது, ஒரு சதவீதம், இரண்டு, மூன்று, அப்புறம் நின்றது. மறுபடியும் இடம் இல்லை. எப்படி. இப்போதுதானே காலி செய்தேன். பார்த்தால் வாட்ஸப்பில் எங்கள் பங்காளிகள் குரூப்பில் சிவராமன் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ பதினொன்று, இடம் கிடைக்காமல் வெளியே நின்றிருந்தவை, கதவு திறந்ததும் நெட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டன. பசு மாடு புது வீட்டுக்குள் போகிறது, புகை, ஐயர், யாரோ ஒரு குழந்தை அழுகிறது. அதோடு இரண்டு இனிய காலை வணக்கம், ஒரு வெள்ளரிக்காய் வைத்தியம். என் மகள் இன்னும் வெளியே நிற்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தப் பயம் எப்போது வந்தது என்று கேட்டால் தேதியே சொல்வேன். நிவிக்குப் பன்னிரண்டு வயது, காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். விசாலாட்சி வெளியூர். நான் காபி போட்டுக் குடித்துவிட்டு, பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன். ஏதோ தோன்றித் திரும்பினேன். கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம். குமிழ் பாதி திரும்பியபடி இருந்தது. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், அவள் தூக்கம் கலையாமலே என் தோளில் கிடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. இட்லி கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை, இன்றுவரை விசாலாட்சிக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏதாவது ஆகியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஆகாததற்கு எப்படி அழுவது. அன்றிலிருந்து அது இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது, எங்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்றே தோன்றும். பிள்ளையைக் காப்பாற்றத்தான் எல்லாம். சத்தியமாக அவளைக் காப்பாற்றத்தான்.

"அண்ணே, வாட்ஸப்புக்குள்ளயே போயி சேமிப்பிடம்னு பாருங்க, யாரு எவ்வளவு அடைச்சிக்கிட்டு இருக்காங்கன்னு பேர் பேரா காட்டும்" என்றான் நைனா, என் பக்கம் பார்க்காமலே, எதிர் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு. பாவம், நல்லவன். போய்ப் பார்த்தேன். கூட்டத்தில் அதிகம் சாப்பிட்டவன் முதலில் என்கிற வரிசையில் பெயர்கள். பங்காளிகள்தான் முதலில் இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. முதல் பெயர் நிவி. மூன்று ஜி.பி.க்கு மேல். திறந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒரு வரிக்கு நான்கு, நான்கு வருஷம். ஹாஸ்டல் அறைப் பூட்டு, பஸ் நம்பர், வாசல், தாழ்ப்பாள், பூட்டு, பஸ் நம்பர். என் போனிலேயே என்னுடைய படத்தொகுப்பின் அக்கா தங்கை மாதிரி இன்னொன்று. கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனேன். எதைத் தேடுகிறேன் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவள் முகம். ஒன்றுகூட இல்லை. நான்கு வருஷத்தில் என் மகள் எனக்கு ஆயிரக்கணக்கில் படம் அனுப்பியிருக்கிறாள், ஒன்றில்கூட அவள் இல்லை. நான் கேட்டதைத்தான் அனுப்பினாள். நான் முகத்தைக் கேட்கவில்லை.

கை மட்டும் இருக்கிறது. பூட்டைப் பிடித்துக் காட்டுகிற கை. பழைய படங்களில் நகத்தில் மருதாணி, ஒருமுறை நீலச் சாயம், ஒருமுறை பேனா மை. மேலே வர வர, இந்த வருஷத்துப் படங்களில், விரல் நுனி சிவந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் உரிந்திருக்கிறது, கட்டை விரல் பக்கத்தில் வெடிப்பு, துணி துவைத்துத் துவைத்து வெந்த கை மாதிரி. இந்தப் படங்களையெல்லாம் நான் அன்றன்றே பார்த்தவன்தானே. பூட்டைப் பார்த்தேன், நாக்கு உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தேன், பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் இருந்தது. முன்பெல்லாம் காலையில் பூட்டுப் படம் ஒன்றுதான். தை மாசத்திலிருந்து இரண்டு, பிறகு நான்கு. எட்டு இரண்டு, எட்டு ஐந்து, எட்டு பதினொன்று, எட்டு இருபது. பொறுப்பான பிள்ளை, என்னைப் போலவே என்று அப்போது எனக்குப் பெருமை, விசாலாட்சியிடம்கூடச் சொன்னேன். கடைசியாக அனுப்பியது இந்தத் திங்கட்கிழமை. அன்று பதினொரு படம். ஒரே பூட்டு. முதல் படத்தைப் பார்த்துவிட்டு மீதியைத் திறக்காமலே விட்டிருக்கிறேன். கடைசிப் படத்தின் நேரம் ஒன்பது ஐம்பத்திரண்டு. திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவளுக்குப் பரீட்சை. அந்த நேரத்தைக் காலண்டரில் நான்தான் எழுதி வைத்தேன். பரீட்சை தொடங்கி இருபத்திரண்டு நிமிஷம் கழித்து என் மகள் அறை வாசலில் நின்று பூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் படங்களை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன், என் போனிலேயே பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. தொட்டேன். ஒவ்வொரு பூட்டின் மேலும் ஒரு சரி விழுந்தது. நீக்கினால் வராத வீடியோவும் சேர்ந்து போய்விடுமா. நைனாவிடம் கேட்டேன். "எறங்காதது எடத்தை அடைக்காதுண்ணே, அது அப்படியேதான் இருக்கும்" என்றான். கண்ணால் பார்த்ததையே நம்பாதவன் அடுத்தவன் வாய் வார்த்தையை எப்படி நம்புவது. ஆனாலும் வேறு வழியில்லை. நீக்கினேன். சுற்றிச் சுற்றி ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்புறம் என்னுடைய படத்தொகுப்புக்கும் போனேன், ஒன்பதாயிரத்தையும், யோசித்தால் முடியாது என்பதால் யோசிப்பதற்கு முன்னால். இன்று காலை எடுத்த சிலிண்டரும் அதில் போயிற்று. அடைத்தேனா. அடைத்தேன். அடைத்தேனா. அப்போதுதான் வார்டன் நம்பர் இருந்த போர்டும் அதோடு போனது உறைத்தது. குப்பைத்தொட்டிக்குப் போய்த் தேடலாம், அங்கேயும் ஒன்பதாயிரம். விட்டேன். குப்பையைக் காலி செய்துவிட்டு, டேட்டாவை அணைத்து மறுபடி போட்டேன், பங்காளிகள் முந்திக்கொள்வதற்குள் வட்டத்தைத் தொட்டேன். சத்திரப்பட்டி தாண்டியிருந்தது. ஏழு சதவீதம், பன்னிரண்டு, சிக்னல் ஒரு கோடாகக் குறைந்து நின்றது, பதிமூன்றிலேயே ஒரு யுகம் நின்றது, பிறகு முப்பது, ஐம்பத்தெட்டு. கண்டக்டர் ஆயக்குடி ஆயக்குடி என்றார். வட்டம் மறைந்து முக்கோணம் வந்தது. தனியா பாருங்க என்றிருக்கிறாள். நான் எழுந்தேன். "அண்ணே, ஆபீஸ்?" என்றான் நைனா. "லீவு சொல்லிடு" என்று மட்டும் சொன்னேன். என்ன காரணம் சொல்ல என்று அவன் கேட்கவில்லை.

ஆயக்குடி ரோட்டோரம் கொய்யாப்பழம் குவித்து வைத்திருக்கிற பெண்கள், கிலோ அறுபது சார் என்கிறார்கள். அவர்களைத் தாண்டி மூடிக் கிடந்த ஒரு உரக்கடையின் வாசலுக்குப் போனேன். முக்கோணத்தைத் தொட வேண்டும். தொட்டால் தெரிந்துவிடும். தெரியாதவரை அவள் ஏழு நாற்பத்திரண்டில் இருக்கிறாள், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, உயிரோடு. தொட்டேன். மங்கல் விலகி முகம் வந்தது. எண்ணெய் வைக்காத தலை, மஞ்சள் சுடிதார், கண்ணுக்குக் கீழே கறுப்பு, என் மகள் இளைத்துப் போயிருந்தாள். "அப்பா, நான் நல்லா இருக்கேன். மொதல்ல அதச் சொல்லிடறேன், இல்லன்னா நீங்க மிச்சத்தைக் கேக்க மாட்டீங்க" என்றாள். கடைப் படியில் உட்கார்ந்தேன். "ரெண்டு பரீட்சை நான் எழுதலப்பா. திங்கக்கிழமை, நேத்து. ரூமைப் பூட்டிட்டுக் கீழ எறங்குவேன், பூட்டினேனான்னு தோணும், மேல வருவேன். போட்டோ எடுத்தா உங்களுக்குச் சரியாயிடுதே, எனக்கும் ஆயிடும்னு நெனச்சேன். எனக்கு அந்தப் போட்டோ மேலயே சந்தேகம் வருதுப்பா, இது இன்னைக்கு எடுத்ததா நேத்து எடுத்ததான்னு. உங்களுக்கு அனுப்பிட்டா நீங்க பாத்துக்குவீங்கன்னு அனுப்புவேன். அப்பவும் போகாது. கையும் கழுவிக்கிட்டே இருக்கேன். அதனாலதான் முடியலன்னு சொன்னேன், உங்க மேல கோவம் இல்ல." நிறுத்தி மூச்சு விட்டாள். போன வாரம் கூடப் படிக்கிற பெண் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாளாம். இன்று பத்து மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம். போனை அறையிலேயே வைத்துவிட்டு, ஒரே ஒருமுறை பூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டும், அதுதான் முதல் பாடமாம். "அதான் ஆஃப் பண்றேன். பயமா இருக்குப்பா. ஆனா போயிடுவேன்னு நெனைக்கறேன்."

இன்னும் இருபது விநாடி இருந்தது. அவள் சொல்லலாமா வேண்டாமா என்று உதட்டைக் கடித்தாள், சின்ன வயசிலிருந்து உள்ள பழக்கம். "டாக்டரம்மா கேட்டாங்கப்பா, உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கான்னு. நான் இல்லன்னு சொல்லிட்டேன். உங்களைக் காட்டிக்குடுக்கற மாதிரி இருந்துச்சு." வீடியோ முடிந்து, முகம் அப்படியே நின்றது.

கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதே கால். இப்போது அவள் கிளம்பியிருப்பாள். படியில் நிற்கிறாளோ, திரும்பி மேலே ஏறுகிறாளோ, தெருவுக்கு வந்துவிட்டாளோ, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. கட்டை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். நிவி, இருக்குன்னு சொல்லு. எங்க அப்பாவுக்கு இருக்குன்னு டாக்டரம்மாகிட்ட சொல்லு. நானும் வர்றேன், நானே சொல்றேன். அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அதைப் பார்க்க வேண்டிய போன் பூட்டிய அறைக்குள் கிடக்கிறது, அது இல்லாமல் என் மகள் நடந்து போய்க்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ரோட்டைக் கடந்து, திருச்சிப் பக்கம் போகிற பஸ்கள் நிற்கிற இடத்தில் போய் நிற்கிறேன்.